வட்டம் விழாத தட்டு

மார்ச் 3
காலையில் கிருமி வளர்க்கும் ரத்தத் தட்டுகள் பதினெட்டு. கிருமியைப் பரப்பி, மேலே மருந்து வில்லை வைத்தால், சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த மருந்து வேலைக்கு ஆகாது. பத்தொன்பது வருடமாக இதைத்தான் பார்க்கிறேன். சளி பிடித்ததும் டிராயரில் கிடந்த மாத்திரையை நானே போட்டுக்கொண்டேன். ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான். பேர் தெரியும், அளவு தெரியும், டாக்டர் எதற்கு? இரண்டு நாளில் சரியானால் நிறுத்திவிடுவோம்.

மார்ச் 5
தங்கச்சிக்கு வேலை. அவள் மகள் வாலு நாள் முழுக்க என் இடுப்பில். இரண்டு வயதுக்கு என்ன கனம்! மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊட்டிவிட்டேன்.

மார்ச் 9
வாலுவுக்கு இருமலாம், ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். “தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுல்ல? நிமோனியாவெல்லாம் வராது. பேசாம தூங்கு” என்றேன். என் வாய் இருக்கிறதே.

மார்ச் 12
நிமோனியா. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போகிறது.

மார்ச் 14
ரத்தத்தில் கிருமி. நானே தட்டு போட்டேன். வழக்கம்போல வில்லைகளை வைத்தேன்.

மார்ச் 15
பென்சிலின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. மூன்று நாளாக அவளுக்கு ஏறுவதும் அந்த வகை மருந்துதான். வார்டுக்குச் சொன்னேன், மாற்றினார்கள். ஐயோ, புள்ள என்னையே பாக்குதே — நான் என்ன செய்வேன்?

மார்ச் 18
காய்ச்சல் இறங்கியது. “நீ இல்லேன்னா என் புள்ள இல்லக்கா” என்றாள் தங்கச்சி. தலையாட்டினேன்.

மார்ச் 20
வாலுவைத் தூக்குகிறவர்கள் மூக்கிலெல்லாம் மாதிரி எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. அவள் அப்பா, அவள் அம்மா, நான்.

மார்ச் 23
அப்பா தட்டு சுத்தம். அம்மா தட்டு சுத்தம். என் தட்டில் அதே கிருமி, வில்லையைச் சுற்றி வட்டம் இல்லை.

ஏப்ரல் 10
கிருமி எந்த வகை என்று தெரிந்துவிட்டது. வாலுவுக்கும் எனக்கும் ஒன்றே. தடுப்பூசி தடுக்கும் வகைகளில் அது இல்லை.
“ஊசி மோசமான வகையெல்லாம் வெரட்டிடுச்சு. காலி எடத்துல இது வந்து உக்காந்துக்கிச்சு. அரைகுறையா மாத்திரை போடுறவங்க மூக்குல இதுக்கு ராஜ மரியாதை” என்றார் டாக்டரம்மா. “உங்ககிட்டேருந்து அவளுக்கா, அவகிட்டேருந்து உங்களுக்கா, அதைத் தட்டு சொல்லாது.”
ஆக, தங்கச்சியிடம் சொல்லாமலே இருந்துவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 11
சொல்லிவிட்டேன், மாத்திரை உட்பட. தங்கச்சி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. எல்லாம் மடித்து முடித்து, “போயிட்டு வா” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 20
போன் இல்லை. நானும் செய்யவில்லை.

மே 4
தங்கச்சி வரச் சொன்னாள். போன வாரம் எடுத்த மாதிரியில் என் மூக்கு சுத்தம். ஆனாலும் முகக்கவசத்தோடு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தேன். வாலு பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.
தங்கச்சி என்னைப் பார்க்காமலே, “வாங்கிக்கோக்கா. அழப்போறா” என்றாள்.
முகக்கவசத்தை இறக்கித் தின்றேன். நமத்துப்போயிருந்தது.