ராணி கலர் சட்டை

புதுத் துணியின் கஞ்சி வாசனை வீட்டுக்குள் நுழைந்தால் நீ வந்துவிட்டாய் என்று அர்த்தம். திருப்பதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிவிட்டு, அந்த வாசனையோடுதான் பஸ்ஸைவிட்டு இறங்குவாய். போன வாரம் காண்டிராக்டர் எங்கள் ஆட்களுக்குப் புதுச் சட்டைகள் அனுப்பியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் அதே வாசனை. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு மாங்காய்க் காலமும் கழிந்துவிட்டன. வாய்க்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

சட்டைகள் நீலம். நான்தான் கேட்டு வாங்கினேன். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறத்தைத் தினமும் மாட்டிக்கொள்ள என்னால் முடியவில்லை.

வடமாலபேட்டைச் சாலையில் கரண்டுக் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதும், ஓரத்துப் புதரைக் கழிப்பதும்தானே எங்கள் வேலை. முதலில் பச்சைச் சட்டை கொடுத்தார்கள். ஒருநாள் லாரி ஒன்று என்னை உரசுகிற மாதிரி போனதை, பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து நீ பார்த்துவிட்டாய். அன்று சாயங்காலம் எனக்குச் சோறு கிடைக்கவில்லை, சண்டைதான் கிடைத்தது. "புதரும் நீயும் ஒண்ணா கீறீங்க மாமா. லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

மஞ்சளுக்கு மாறினோம். புரட்டாசி வந்தது. மலைக்கு நடந்து போகிறவர்கள் சாலை முழுக்க மஞ்சள். தண்ணீர்ப் பந்தல்காரர்கள் எங்களையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் புளியோதரை போட்டார்கள். என்னோடு கிளை வெட்டும் நம்ம முனிரத்தினம் கூசாமல் "கோவிந்தா" என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கித் தின்றான். நான் சிரித்துக்கொண்டே வந்து சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "அத்தினி மஞ்சள்ல உன்னை எங்கன்னு தேடுவேன்? புத்தூர்லேர்ந்து எட்டிப் பாத்துக்கினே போனேன்" என்று அழுதாய்.

கறுப்பு என்றேன். ஐயப்பன் என்றாய். சிவப்பு என்றேன். அம்மன் என்றாய். காவியை நான் சொல்வதற்குள் நீயே வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாய். "இந்த ரோட்டுல எந்தக் கலரை எடுத்தாலும் ஒரு சாமி முன்னாடியே எடுத்துக்கினு கீது" என்று சொல்லி, அப்புறம்தான் சிரித்தாய். மறுநாள் கடையிலிருந்து பளீரென்ற ரோஸில் ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தாய். ராணி கலர்.

முனிரத்தினம் குதித்தான். "பொண்டாட்டி ஜாக்கெட்டை மாட்டிக்கினு வந்துட்டான்னு ஊரே சிரிக்கும்கா."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் கண்ணுக்கு நீங்க தெரியறீங்கல்ல" என்றாய். அடுத்த வாரமே எங்கள் எல்லோருக்கும் அந்தக் கலரில் சட்டை தைத்தாயிற்று.

அதற்குப் பிறகு தினமும் உன் ஒன்பது மணி பஸ் எங்களைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிக்கும். டிரைவரின் குறும்பு என்று நினைத்தேன். நிமிர்ந்தால் சன்னலில் உன் கை தெரியும். காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் நீ போய்விட்டாய். ஹாரன் நிற்கவில்லை. நிமிர்வேன், சன்னலில் வேறு யாராவது இருப்பார்கள். அதைத் தாங்கமுடியாமல்தான் நீலம் கேட்டேன்.

முந்தாநாள் நீலத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். பஸ் சத்தமில்லாமல் போயேவிட்டது. நான் கேட்டது அதைத்தான். ஆனாலும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் அந்த டிரைவர். "இன்னாண்ணா, இன்னிக்கி வேலை இல்லையா? ரோட்டுல உங்காளுங்க ஒருத்தரையும் காணோமே?"

"அங்கதான் நின்னுக்கினு இருந்தோம்" என்றேன்.

அவர் என் நீலச் சட்டையைப் பார்த்தார். "அக்கா சொல்லி வச்சதுண்ணா. 'அந்த மனுசன் குனிஞ்சா நிமிர மாட்டாரு. ஒரு ஹாரன் அடி, முதுவு கொஞ்சம் நிமிரட்டும்'னு. அதான் நான் விடல."

இத்தனை நாளும் இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

நீலச் சட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முனிரத்தினம்தான் முதலில் சரியென்று தலையாட்டினான். நகரியில் ராணி கலர் துணிக்குச் சொல்லியிருக்கிறேன். வரும் வரைக்கும் பழையதே போதும். இன்று காலை வெளுத்துப்போன அந்தச் சட்டையோடு புதருக்குள் குனிந்திருந்தேன். ஹாரன் கேட்டது. அரிவாளை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன். சன்னலைப் பார்க்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறையும் வரைக்கும், நீ கேட்டபடி, முதுகை நிமிர்த்தியே நின்றேன்.