நாற்பத்தொரு வயது மீனவப் பெண்

மார்ச் 3, 2025

பிரதேச செயலகக் கந்தோரில் பிரிண்டர் மறுபடியும் பழுது. காணிப் பிரிவு முழுவதும் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றது. பக்கத்து மேசை பஸ்மினாவுக்கு நோன்பு என்பதால் அவள் முன்னால் தேநீர் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பின்பக்கம் போய்க் கள்ளமாகக் குடித்தேன். நாளை மறுநாள் விபூதிப் புதன். இந்தத் தவக்காலத்துக்குச் சொக்லேட்டை விடுவதாக யோசனை. போன முறையும் அதே யோசனைதான்.

மார்ச் 6

இன்றைக்கு நான் உலகப் புகழ் பெற்றேன் என்று தெரியவந்தது.

பஸ்மினாவின் தங்கை நிஸ்லா யாழ்ப்பாணத்தில் தாதியியல் படிக்கிறாள். கடல் உயிரினங்களின் விஷம் பற்றி எழுதிக் கொடுக்க ஏதோ ஒப்படை. தேடிக்கொண்டு போனவள் ஒரு வெளிநாட்டு மருத்துவ ஆய்விதழில் ஒரு படத்தைக் கண்டு, அக்காவுக்கு அனுப்பிவிட்டாள்: “இது உங்கட கந்தோர் டிலோஜினி அக்காதானே?”

நான்தான். ஆஸ்பத்திரிக் கட்டில், வீங்கிய கழுத்து, அதிலே சவுக்கால் அடித்த மாதிரிச் சிவப்புக் கோடுகள். கண்களுக்கு மேலே மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. என் மூக்கு, நாடி மச்சம், முன்பல் இடைவெளி எல்லாம் அப்படியே. எங்கள் ஊர் பேசாலையில் என்னை ஒருதரம் கண்டவன்கூட அந்தப் பட்டையையும் மீறி நான்தான் என்று சொல்வான்.

போன வருடம் ஏப்ரல் விடுமுறையில் கடலில் குளித்தபோது ஜெலி மீன் அடித்தது. அப்பா அதைச் சொறி என்பார். அந்தக் கதைதான். ஒரு நோயாளிக்கு நடந்ததை மற்ற டொக்டர்மார் படிப்பதற்காக எழுதுவதைக் கேஸ் ரிப்போர்ட் என்கிறார்கள். அந்தக் கேஸ் நான்.

மார்ச் 7

நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்தொரு வயதாம்.

மார்ச் 8

அகராதியும் கையுமாக முழுவதையும் வாசித்தேன். வயது போகட்டும். (போகாது. அன்றைக்கு எனக்கு முப்பத்துநாலு.) நான் மீனவப் பெண்ணாம். எட்டு வருடமாகக் காணி உறுதிகளோடு மாரடிக்கிறேன். வலையைத் தொட்டது படகில் ஏறும்போது கால் தடக்கியபோதுதான். குடும்பத்தார் முதலில் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்ப் பச்சிலைச் சாறு பூசினார்களாம். அதனால்தான் இரண்டு நாள் தாமதமாம்.

நடந்தது என்ன? அம்மா குசினியிலிருந்து வினாகிரிப் போத்தலோடு ஓடிவந்து கழுத்தில் ஊற்றினார். நேரே ஓட்டோவில் டவுனுக்கு. அங்கே ஒரு தனியார் கிளினிக்கில், அலர்ஜிதான், குளிசையைப் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்கோ என்றார்கள். இரண்டாம் நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த இரண்டு நாள் இவர்களின் கட்டுரையில் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

உச்சம் இதுதான்: முடிவுரையில், இப்படியான கடிக்கு உடனே வினாகிரி ஊற்றுவதே சிறந்த முதலுதவி, கரையோர மக்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்கு? என்ர அம்மாவுக்கோ?

கடைசி வரி: “நோயாளியின் எழுத்துமூலமான சம்மதம் பெறப்பட்டது.” எப்ப? நான் மயக்கத்தில கிடக்கேக்கையோ?

மார்ச் 9

பூசை முடிந்து வந்து வீட்டில் சொன்னேன். மீனவப் பெண் என்ற இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறியது. ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். தன்னைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, கரையில் நின்று சொறியிடம் அடி வாங்கினவள் பேப்பரில் வந்துவிட்டாள் என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. பச்சிலை பற்றிய இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கேட்டார்:

“அப்ப, நான்தான் உன்னை ரெண்டு நாள் கிடத்தி வைச்சனான் எண்டு எழுதிக் கிடக்கோ?”

மார்ச் 12

எழுதியவர்கள் இரண்டு பேர். முதற்பெயர் டொக்டர் பிரசாந்தன். என்னைப் பார்த்தவர் அவர்தான். சின்னப் பெடியன் மாதிரி இருப்பார். இரண்டாவது அவருடைய பெரிய டொக்டர். அந்த மனுசன் என்னைப் பார்க்க வந்ததாகவே எனக்கு நினைவில்லை. மயக்கத்தில் இருந்தபோது வந்தாரோ என்னவோ.

பிரசாந்தன் நல்லவர். அதுதான் பிரச்சினை. மூச்சு முட்டிய அன்றைக்கு விடியும்வரை கட்டிலருகே கதிரை போட்டு இருந்தவர். போனில் படம் எடுத்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. ஏதோ ஃபைலுக்கு என்று நினைத்தேன்.

இலக்கம் தேடி எடுத்து, உங்கள் கட்டுரையைப் பார்த்தேன் என்று ஒரு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது. மிகவும் சந்தோசமாம், நிறையப் பேர் வாசிக்கிறார்களாம், நான் சுகமோவாம். கடைசியில் கைகூப்பும் படம் வேறு. பாவம். இரண்டாவது மெசேஜில் விசயத்தைச் சொன்னேன். பிறகு சத்தமில்லை.

மார்ச் 16

இன்று பிரசாந்தன் வந்தார். மோட்டார்சைக்கிளில், ஒரு கேக் பெட்டியோடு. தவக்காலத்தில் சொக்லேட் கேக். சோதனை எந்த வடிவத்திலும் வரும்.

அம்மா, வாங்கோ தம்பி, இருங்கோ என்று கதிரையைத் தூக்கிப் போட்டார். மனதில் எவ்வளவு கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரையும் தேநீரும் கொடுக்காமல் அம்மாவால் இருக்க முடியாது.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மேற்படிப்பு நேர்முகத்துக்குக் கட்டுரைக்குப் புள்ளி உண்டாம். நான் வீடு திரும்பிப் பல மாதத்துக்குப் பிறகுதான் அவசரமாக எழுதியிருக்கிறார். நான் எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்ற விபரம் குறிப்புகளில் இல்லை. கரையோர மக்களைப் பற்றிய வேறு கட்டுரைகளை எடுத்துப் பார்த்தாராம். எல்லாவற்றிலும் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தாராம். ஆகவே எங்களுக்கும் ஒருவரைக் கொடுத்துவிட்டார். பெரிய டொக்டர் கட்டுரையில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம்.

பிறகு பையிலிருந்து ஒரு சம்மதப் படிவத்தை எடுத்தார். திகதி ஏற்கனவே எழுதியிருந்தது. போன வருடம் ஏப்ரல்.

நான் சொன்னேன்: “இண்டையான் திகதியைப் போடுங்கோ. நடந்ததையும் நடந்த மாதிரி எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

“இண்டையான் திகதி போட்டா, அண்டைக்கு எடுக்கேல்லை எண்டு தெரிஞ்சிடும் அக்கா.”

“ஓம். எடுக்கேல்லைத்தானே.”

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். கேக்கை விட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 17

அப்பா, கையெழுத்தை வைத்துவிடு என்கிறார். உயிரைக் காப்பாற்றின பிள்ளையின் சோற்றில் மண் போடலாமா என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெடியன் எழுந்து போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு உயிருக்கு ஒரு கையெழுத்து — அவ்வளவு பெரிய விலையா?

கேக் சாப்பிட்டேன். தோல்வியைப் பதிவு செய்கிறேன்.

மார்ச் 25

அந்த ஆய்விதழின் விதிகளைப் பஸ்மினாவோடு சேர்ந்து கந்தோர்க் கொம்பியூட்டரில் வாசித்தேன். நோயாளியை அடையாளம் காணக்கூடிய படத்துக்கு அவருடைய சம்மதம் கட்டாயம். கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்றே எழுதியிருக்கிறார்கள். கட்டுரைக்கு உழைக்காதவர் பெயர் போடக்கூடாதாம். முறைப்பாட்டுக்கு ஒரு முகவரியும் உண்டு. நல்ல விதிகள். எங்கள் காணிச் சட்டம் மாதிரி: தாளில் எந்தக் குறையும் இல்லை.

பஸ்மினா, இதென்ன இவ்வளவு யோசனை, ஒரு ஈமெயில்தானே என்கிறாள். மூச்சு முட்டினது அவளுக்கில்லை.

ஏப்ரல் 2

இன்னும் எழுதவில்லை. பின்னேரம் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, அந்த எழுத்து எவ்வளவு காலத்துக்குக் கிடக்கும் என்று கேட்டார். பத்திரிகை என்றால் அடுத்த கிழமை அதில் வடை சுற்றிக் கொடுப்பார்கள். இது அப்படியில்லை அம்மா, எப்போதும் கிடக்கும் என்றேன்.

“நாங்கள் செத்தாப் பிறகுமோ?”

“ஓம்.”

மீனைக் கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 3

ஈமெயிலை எழுதி முடித்தேன். அனுப்பவில்லை. முதலில் பிரசாந்தனுக்குப் போன் எடுத்தேன். நாளைக்குப் பின்னேரம் அனுப்பப்போகிறேன், அதற்குமுன் நீங்களாகவே எழுதினால் உங்களுக்கு நல்லது என்றேன். பெரிய நீதிபதி மாதிரிப் பேசிவிட்டுக் கிணற்றடியில் போய் முகம் கழுவினேன்.

ஏப்ரல் 4

மத்தியானம் ஒரு ஈமெயில் வந்தது. ஆய்விதழின் ஆசிரியருக்குப் பிரசாந்தன் எழுதியதன் பிரதி. சம்மதம் எடுக்கவில்லை, நோயாளியின் வரலாற்றை ஊகித்து எழுதினேன், தாமதத்துக்குக் குடும்பம் காரணமில்லை, அவருடைய தாயார் செய்த முதலுதவி சரியானது — எல்லாம் இருந்தது. சாக்கு ஒன்றுகூட இல்லை.

கந்தோரில் அழக்கூடாது என்று கோப்பறைக்குள் போனேன். அங்கே பஸ்மினா ஏற்கனவே அழுதுகொண்டு நின்றாள். அவளுக்கும் பிரதி அனுப்பியிருந்தேனே.

என் ஈமெயிலையும் அனுப்பினேன். வயதைப் பற்றித் தனிப் பந்தி.

ஏப்ரல் 19

பெரிய சனி. ஆய்விதழிலிருந்து பதில். விசாரிக்கிறார்களாம், படத்தை உடனே எடுத்துவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். நான் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். ஒரு கணம், ஏதோ என்னையே வெளியே போகச் சொன்ன மாதிரி இருந்தது. மனம் எவ்வளவு விசர் மனம்.

மே 11

பெரிய டொக்டர் போன் எடுத்தார். மரியாதையாகத்தான் தொடங்கினார். சின்ன விசயத்தைப் பெரிதாக்கினால் இனி இந்தப் பக்கத்து நோயாளிகளைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டார்கள், நட்டம் மன்னார் சனத்துக்குத்தான் என்றார். இல்லாத வைத்தியரையும் இல்லாத பச்சிலையையும் எழுதினதால் மன்னார் சனத்துக்கு என்ன லாபம் வந்தது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

பிறகுதான் இன்னும் நாலு நல்ல கேள்வி ஞாபகம் வந்தது. ஏன் எனக்கு எல்லாம் பிறகு பிறகு வருகிறது?

ஜூன் 17

கட்டுரையை மீளப்பெற்றுவிட்டார்கள். அழிப்பதில்லையாம், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘மீளப்பெறப்பட்டது’ என்று போட்டு, ஏன் என்றும் எழுதிவைக்கிறார்கள். தவறு நடந்ததும் தெரிய வேண்டுமாம். அந்த எண்ணம் எனக்குப் பிடித்தது.

கொண்டாட ரோல்ஸ் வாங்கி வந்தேன். அம்மா ஒன்றை எடுத்தார். பிறகு, அந்தத் தம்பிக்கு இனி என்ன என்று கேட்டார். இந்த வருட நேர்முகத்துக்கு அவர் போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் சொன்னதைச் சொன்னேன். மிச்ச ரோல்ஸ் அப்படியே கிடந்தது.

ஜூலை 6

பிரசாந்தன் வந்தார். கேக் இல்லை. நின்றபடியே, நடந்ததை முதலிலிருந்து கேட்க வந்தேன், சொல்ல விருப்பமில்லாவிட்டால் போய்விடுகிறேன் என்றார்.

அம்மா சொன்னார். ஐயோ, எப்படிச் சொன்னார். கடலில் அன்றைக்கு எந்தக் காற்று என்பதிலிருந்து ஓட்டோக்காரன் எந்தச் சந்தியில் பெற்றோல் அடித்தான் என்பதுவரை. அப்பா நடுவில் புகுந்து சொறியில் எத்தனை வகை என்று ஒரு தனிக் கதை. பிரசாந்தன் ஒருவரையும் மறிக்கவில்லை. கிளினிக் விசயத்தைப் பெயர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டார். நடந்ததுதானே, எழுதுங்கோ என்றேன்.

படம் கழுத்து மட்டும். நானே தெரிந்தெடுத்தேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கந்தோர்ச் சுற்றறிக்கையைவிட மோசமான தமிழ். திருத்திக் கொடுத்துவிட்டு, இன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

போகும்போது சொன்னார்: “உங்களோட எனக்குக் கோவம் இருந்தது அக்கா. கொஞ்சக் காலம்.”

“எனக்கும்தான்,” என்றேன்.

ஆகஸ்ட் 15

மடுத் திருவிழா. சனம், புழுதி, வெயில். செருப்பு ஒன்று தொலைந்தது. மாதாவிடம் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன், மறந்துபோய்.

நவம்பர் 21

புதுக் கட்டுரை வந்துவிட்டது. இந்த முறை பிரசாந்தனின் பெயர் மட்டும். பெரிய டொக்டர் தானாக விலகினாரோ, விலக்கப்பட்டாரோ, நான் கேட்கவில்லை. பழைய கட்டுரை ஏன் மீளப்பெறப்பட்டது என்று முதல் பந்தியிலேயே எழுதியிருக்கிறார். அம்மாவுக்குத் தமிழாக்கி வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஓட்டோக்காரன் பெற்றோல் அடித்தது ஏன் வரவில்லை என்று கேட்டார்.

அடுத்த நேர்முகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். நானும் ஒன்று, அம்மாவுக்குத் தெரியாமல்.

ஜனவரி 18, 2026

அப்பாவுக்குத் திருக்கை முள் குத்திவிட்டது. கடலுக்குப் போகவேண்டாம் என்றால் கேட்டால்தானே. கை பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது வந்திருக்கும் ஒரு பெண் டொக்டர் பார்த்தார். எங்களை முன்பின் தெரியாதவர். காயத்தைக் கழுவிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேரே இருந்தார். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட இந்தக் கையைப் படம் எடுக்கலாமா, முகம் வராது, விருப்பமில்லாவிட்டால் சொல்லலாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று ஆறுதலாகச் சொன்னார். ஒரு தாளும் வைத்திருந்தார், தமிழில்.

அப்பா அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“வேண்டாம் பிள்ளை,” என்றார்.

“சரி ஐயா,” என்றார் அந்தப் பெண். போனைப் பைக்குள் வைத்துவிட்டு மருந்து கட்டத் தொடங்கினார். நல்ல மெதுவான கை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன், கையைத்தானே கேட்டார்கள், விட்டிருக்கலாமே என்று. அப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“விட்டிருக்கலாம்தான். வேண்டாமெண்டு சொன்னா என்ன செய்வினம் எண்டு ஒருக்காப் பாத்தனான்.”