மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் டிராக்டர்

இன்று காலை பிள்ளையார் கோவில் வாசலில், மாலை போட்ட புது டிராக்டர் ஒன்று பூஜைக்கு நின்றிருந்தது. தனியாக நின்று சிரித்தேன். பூக்கார அம்மா ஒருமாதிரி பார்த்தார். நீ இருந்திருந்தால் அவருக்கு உட்கார்ந்து கதையே சொல்லியிருப்பாய்.

கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வேளாங்கண்ணிக்காரி நீயும் தாராசுரத்துக்காரி நானும் கல்லூரி முடித்த கையோடு ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லா வெப்சைட்டும் ஒரே சர்வர் கம்ப்யூட்டரில். அப்போதுதான் என் கல்யாணம் நிச்சயமானது. மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீடு. அண்ணனும் இல்லாமல் தாலி ஏறப்போகிறதே என்று நான் அழுதேன். "அண்ணன் அங்கேருந்தே பாக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாய். சுடச்சுடப் படங்களை ஏற்ற ஒரு வெப்சைட்டும் செய்தாய்.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் அண்ணன் போன் செய்தான். "நிச்சயதார்த்த போட்டோவத் தொறந்தா டிராக்டர் நிக்குது. மாப்பிள்ளை எங்க?"

அவன் தங்கியிருந்த கேம்பில் இருந்தது பழைய பொதுக் கம்ப்யூட்டர். புது பிரவுசர்கள் எந்த வெப்சைட் வேண்டும் என்று சர்வரிடம் பெயர் சொல்லிக் கேட்கும். பழைய வெர்ஷனில் பேசும் அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசருக்குப் பெயர் சொல்லத் தெரியாது. நம் சர்வரும் தன்னிடம் முதலாவதாக இருந்த டிராக்டர் கடை வெப்சைட்டை எடுத்து நீட்டிவிட்டது. இந்தப் பழசையெல்லாம் யார் கட்டி மேய்ப்பது என்று சலித்துக்கொண்டேன். "வர்றவருக்குத் தெரிஞ்ச மாதிரி அவர் கேக்கறார். பதில் சொல்ல வேண்டியது நாமதான்" என்றாய்.

மறுநாள் பட்டுப்புடவையோடு மண்டபத்துக்குக் கிளம்பிய நீ வழியில் பிரவுசிங் சென்டரிலேயே இறங்கிக்கொண்டாய். பெயர் சொல்லாமல் வருபவர்களுக்கு, 'யாரைப் பாக்க வந்தீங்க?' என்று கேட்கும் சின்னப் பக்கம் ஒன்றை வைத்தாய். கீழே எல்லாக் கடைகளும், கூடவே என் கல்யாணமும். கிளிக் செய்தால் சரியான இடம் திறக்கும்படி ஒவ்வொரு முகவரியையும் மாற்றி எழுதினாய். ஸ்டுடியோக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்த படங்களை ஏற்றினாய். நான் மணமேடையிலிருந்து உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்கு போன் வந்தது. "பாத்துட்டேன்டி. தாலி கட்றப்ப நீ வாசலையே பாத்துட்டிருக்க" என்று சிரித்தான் அண்ணன்.

கசங்கிய புடவையோடு கடைசிப் பந்திக்கு வந்தாய். பக்கத்துத் தெருவில் இருந்தும் தாலி கட்டியதைப் படத்தில்தான் பார்த்திருந்தாய். அதைச் சொல்லிச் சொல்லி நீயே சிரித்தாய். நானும் அவரும்தான் உனக்குப் பரிமாறினோம். பாயசம் மூன்று முறை கேட்டாய்.

அப்புறம் நீ சிங்கப்பூர், நான் பெங்களூர். போன வருடம் நீ ஒரேயடியாகப் போய்விட்டாய்.

எனக்கு இன்னமும் சர்வர் வேலைதான். பாதுகாப்புக்காகப் பழைய வெர்ஷன்களை நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அதில் இன்னும் யார் வருகிறார்கள் என்று தேடிப் பார்க்காமல் எதையும் நிறுத்துவதில்லை. போன மாதம் அப்படித் தேடியபோது மலைக் கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்று அகப்பட்டது. போன் செய்து, மாற்றிக்கொள்ளும் வரை வழிவிட்டிருக்கிறோம் என்றேன். போனை எடுத்த நர்ஸ், "இதுவரைக்கும் எங்களைக் கேட்டுட்டு யாருமே நிறுத்தினதில்லைங்க" என்றார்.

போனை வைத்ததும் உன்னிடம் சொல்லத்தான் முதலில் தோன்றியது.