வேர்க்காத இடம்

மார்ச் 3, செவ்வாய்

சீமாட்டி இன்றும் சேணத்தைக் கண்டதும் காதை மடக்கினாள். வயிற்று வாரை இறுக்கும்போது என் தோளைக் கடிக்க வந்தாள். ஒன்பது வருஷமாக என் கையில் தின்கிற குதிரை! மகள், "வயசாகுதுல்லப்பா, கோவம் வரத்தான் செய்யும்" என்றாள். குதிரையைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா? கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

நேற்றுப் பயிற்சியில் சீமாட்டி தாண்டுகிற கட்டைகளில் நான்கைத் தட்டினாள். தாண்டும்போது முதுகை வளைக்காமல் பலகை மாதிரி வைத்துக்கொள்கிறாள். மகள் என்னைக் கேட்காமலே குதிரை டாக்டரம்மாவை வரச் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா முதுகுத்தண்டின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பிடரி முடிகிற இடத்துக்குப் பின்னால், இடது பக்கம், சீமாட்டி அப்படியே முதுகைக் கீழே இறக்கினாள். பிறகு எக்ஸ்ரே. "முதுகெலும்புல ரெண்டு முள்ளு ஒண்ணோட ஒண்ணு உரசுற மாதிரி நெருங்கி இருக்கு. ஆனா இதே மாதிரி படம் இருந்தும் வலியே இல்லாம தாண்டுற குதிரைங்களும் இருக்கு. படத்துக்கு வைத்தியம் பண்ண முடியாது" என்றார். அப்புறம் எதற்குப் படம்?

முதலில் ஊசியும் ஓய்வும். கூடவே தசையைப் பிடித்துவிட ஆள். பிறகு வேண்டுமானால் அதிர்வலை. எதுவும் கேட்காவிட்டால் கடைசியாக ஆபரேஷன், முள்ளைக் கொஞ்சம் அறுத்து இடைவெளி உண்டாக்குவது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார். ஏன்? முதலிலேயே முடிவு செய்துவிட்டு மற்றதெல்லாம் ஒப்புக்குச் சொன்னாரா?

அறுக்க விடமாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

நான் சந்தேகப்பட்டது சரி, கோளாறு சேணத்தில்தான். காலையில் சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பார்த்தேன். சுற்றிலும் வேர்வை. டாக்டரம்மா அழுத்திய அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடக்கிறது. அதாவது சேணம் அங்கே தொடவில்லை. உள்ளே அடைத்த கம்பளி குறைந்திருக்கிறது.

தானாகக் குறையுமா? தை மாதம் நானே பிரித்து, நானே அடைத்து, நானே தைத்த சேணம். முப்பத்தெட்டு வருஷமாக என் அடைப்பு இறங்கியதில்லை. ஒரு பழைய சேணத்தைப் பிரித்துப் போட்டுத் தானாகக் கற்றுக்கொண்டவன் நான். இந்த ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்தது என் தையலில். ஆனாலும் குதிரைச் சவாரிச் சங்கத்துப் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே "உதவியாளர்" என்றுதான் எழுதினார்கள். மறக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஊசி போட்டாயிற்று. இரண்டு வாரம் சேணம் கூடாதாம்.

மார்ச் 10, செவ்வாய்

சேணம் சும்மாதானே இருக்கிறது. காய்ந்த இடத்துக்கு நேராக ஒரு பிடி கம்பளி அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் டாக்டரைக் கேள் என்பாள்.

மார்ச் 13, வெள்ளி

பிடித்துவிடுகிறவன் வந்தான். நீள விரல், மெல்லிய குரல், வாசனை எண்ணெய். நான் அவனுக்கு விரல்காரன் என்று பெயர் வைத்துவிட்டேன். சேண அறைக்குள் தனியாகப் போய் வந்தான். "கை கழுவ" என்றான். குழாய் வெளியில் அல்லவா இருக்கிறது?

மார்ச் 23, திங்கள்

பதினான்கு நாள் ஓய்வுக்குப் பிறகு இன்று மகள் ஏறினாள். சீமாட்டி பட்டாய் நடந்தாள். ஏறியவள் முகத்தில் சிரிப்பு. "ஊசி நல்லா கேட்டிருக்குப்பா."

ஊசியாம்! என் கம்பளி.

மார்ச் 26, வியாழன்

இந்த முறை சீமாட்டி கடித்தேவிட்டாள். சட்டைக் கை கிழிந்தது. காய்ந்த இடம் பெரிதாகியிருக்கிறது. ஒரு பிடி அடைத்த பிறகும்! அப்படியென்றால் யாரோ உருவுகிறார்கள். சேண அறைத் தரையில் கம்பளி இழை ஒன்று கிடந்தது. தடயம். காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

யாருக்கு லாபம்? முதுகு சரியாகாமல் இருந்தால் விரல்காரனுக்கு வாராவாரம் வேலை. டாக்டரம்மாவுக்குக் கத்தி. என் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் புரியாது.

இன்னொரு பிடி அடைத்தேன். தையலை என் இரட்டை முடிச்சால் முடித்தேன். யாராலும் அதை அவிழ்த்து அப்படியே திரும்பப் போட முடியாது. அறைக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

மகள் பூட்டைப் பார்த்து, "உள்ள புதையலா வச்சிருக்கீங்க?" என்றாள்.

மார்ச் 30, திங்கள்

முடிச்சு அப்படியே இருக்கிறது. பூட்டும் அப்படியே. காய்ந்த இடம் இரண்டு கை அகலம்.

எப்படி?

மூன்றாவது பிடி.

ஏப்ரல் 1, புதன்

அதிர்வலை வைத்தார்கள். டக்டக்கென்று ஒரு கருவி. மயக்கத்தில் சீமாட்டியின் உதடு தொங்கிப்போயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை. போகும்போது டாக்டரம்மா சொன்னார்: "ஊசி கேட்டுட்டு, வலி திரும்ப வந்திருக்கு. இதுவும் நிக்கலன்னா பதினேழாம் தேதி அறுவைய வச்சுக்கலாம்."

மகள் தலையாட்டினாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம்.

அவள் ஒன்றுதான் சொன்னாள்: "அப்ப அவ வலியோட நிக்கட்டுமா? சொல்லுங்க."

ஏப்ரல் 2, வியாழன்

இன்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். விரல்காரன் அந்த இடத்தில் கை வைத்ததும் சீமாட்டி காலை உதறினாள். அவன், "சேணத்த யாரு பாத்துக்கிறாங்க பெரியவரே?" என்றான்.

"நீதான கம்பளிய உருவுற?"

முழித்தான். பிறகு சிரித்தான். "நானா? எனக்கு ஊசில நூல் கோக்கவே வராதே."

காய்ந்த இடத்தைச் சொன்னேன். பூட்டு, முடிச்சு, மூன்று பிடி, எல்லாவற்றையும் கோபத்தில் கொட்டிவிட்டேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"பெரியவரே... அது சேணம் தொடாத எடம் இல்ல. ரொம்ப அமுக்குற எடம். அந்த அளவுக்கு அமுக்குனா தோல்ல வேர்வையே கசியாது."

"எனக்கு முப்பத்தெட்டு வருஷம்."

"தெரியும். அதான் சொல்லத் தயங்குறேன்."

பொடியன். நாளைக்கு நிரூபித்து இவன் மூக்கை உடைக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சீமாட்டியின் முதுகில் சுண்ணக்கட்டித் தூளைச் சீராகத் தடவினேன். துணி போடாமல் சேணத்தை வைத்தேன். மகளை ஏறச் சொன்னேன். "என்னப்பா இது, கோலமா?" என்றாள். இரண்டு சுற்று நடந்தாள். இறங்கச் சொல்லிவிட்டு நானே சேணத்தைத் தூக்கினேன்.

சேணத்தின் அடிப்பக்கம் கறுப்புத் தோல். முதுகைத் தொடாத இடம் கறுப்பாகவே இருக்க வேண்டும். அந்த இடம் என் கணக்குப்படி கறுப்பாக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளை. சேணத்திலேயே அங்கேதான் அதிக வெள்ளை. அப்பி இறுகியிருந்தது, விரலால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

துடைத்துவிட்டு இன்னொரு முறை செய்தேன். இன்னொரு முறையும்.

மகள், "என்ன பாக்குறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, போ" என்றேன்.

மாலை

சேணத்தைப் பிரித்தேன். உள்ளே கம்பளி, கல் மாதிரி ஒரு கட்டி. என் கையளவுக்கு. காகிதத்தில் மடித்து வைத்த இழையையும் எடுத்துப் பார்த்தேன். என் பையில் இருக்கிற கம்பளியேதான். நானேதான் சிந்தியிருக்கிறேன். தை மாதம் அடைத்ததே அந்தப் பக்கம் அதிகம். அப்புறம் சீமாட்டி வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல நான் இன்னும் இன்னும் திணிச்சிருக்கேன். ஓய்வில் சரியானது ஊசியால், சேணம் இல்லாததால். கெட்டது என்னால். கடிச்சது கோவத்துல இல்லடா. சொல்லிப் பாத்திருக்கா.

இதை யாருக்கும் சொல்லாமல் கம்பளியை உருவிவிட்டுத் தைத்துவிடலாம். இரட்டை முடிச்சு போடலாம். யாருக்குத் தெரியும்?

விரல்காரனுக்குத் தெரியும். அவன் சொல்லமாட்டான். அது இன்னும் மோசம்.

ஆனால் கோளாறு சேணத்தில்தான் என்று சொல்லாவிட்டால் பதினேழாம் தேதி அப்படியே நிற்கும். வலி ஆறுவதற்கு முன்னால் அறுத்துவிடுவார்கள்.

ஏப்ரல் 4, சனி

சொல்லிவிட்டேன். மகள் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். கட்டியை அவள் முன்னால் வைத்தேன்.

"எத்தன பிடி?"

"மூணு. அதுக்கு முன்னாடி தையில அடைச்சது வேற."

வாளி நிரம்பி வழிந்தது. பிறகு, "அறுக்கச் சொல்லியிருப்பேன்பா நான். கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். "சொன்னது நல்லதாப் போச்சு. தேதிய எடுத்துடுறேன். சேணத்த மாத்திட்டு, ஆறு வாரம் யாரும் ஏற வேணாம். தலைய எறக்கி நடக்கட்டும். கேரட்ட முன்னங்காலுக்கு நடுவுல காட்டுங்க, முதுகு தானா மேல தூக்கும்" என்றார். கத்தியை அவ்வளவு சீக்கிரம் கீழே வைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

வெளியாள் வந்து புதிதாக அடைத்தார். தையல் சுமார். சொல்லவில்லை.

சொன்னேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கேரட் காட்டுவது என் வேலை. விரல்காரன் வயிற்றுக்கு அடியில் விரல் நுனியால் எப்படி மெல்ல அழுத்துவது என்று காட்டினான். அழுத்தினால் சீமாட்டி முதுகைப் பூனை மாதிரி மேலே தூக்குகிறாள். இவனிடம் பாடம் கேட்கும்படி ஆயிற்று. வாசனை எண்ணெய் இன்னும் பிடிக்கவில்லை.

மே 18, திங்கள்

மகள் ஏறினாள். கடிக்கவில்லை. முதுகு முழுக்க வேர்வை, ஒரே சீராக.

ஜூலை 2, வியாழன்

காதை மடக்கினாள். பயந்துபோனேன். ஈ.

அக்டோபர் 11, ஞாயிறு

போட்டி. ஒரு கட்டைகூட விழவில்லை. எத்தனையாவது இடம் என்று மகள் சொன்னாள், காதில் விழவில்லை. முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய முடி உதிர்ந்து புது முடி வந்ததிலிருந்து அந்த இடத்தில் வெள்ளை. கபில நிறத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு. வேர் நசுங்கிய இடத்தில் இனி வெள்ளையாகத்தான் முளைக்குமாம், கடைசிவரை.

சேணத்தைக் கழற்றும்போது நடுவர் அம்மா வந்து தடவிப் பார்த்தார். "அழகா இருக்கே! பிறவி அடையாளமா?"

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, பொறந்ததுலேர்ந்தே இருக்கு" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "அது என் கைவேலை."