அவரைக்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது

இன்று காலை விதை அவரை வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் சாம்பல் வாசனை மூக்கில் ஏறியது. பூச்சி அரிக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பிசறி வைத்தாயே, அதே டப்பா. உள்ளே கருப்பு அவரையும் வெள்ளை அவரையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மலைமேல் நம் வளப்பூர் நாட்டு ஊர்களில் விதையை இப்படிக் கலந்து வைக்கிற ஒரே ஆள் நீதான். அதற்காக உன் அம்மாவிடம் எத்தனை வசவு வாங்கியிருப்பாய்! அவை ஏன் கலந்தன என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

விதைக்கத்தான் திறந்தேன். விதைக்கவில்லை. இரண்டு டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. கீழே ஆஸ்பத்திரியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையெல்லாம் உன்னிடம்தான் சொல்லி அழ முடியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நீ எனக்கு அத்தை மகள். ஒரே வயசு. உன் அண்ணனுக்கு என்னைக் கட்டிவைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. உரிமைப் பெண் வெளியே போகவில்லை, காடும் சொந்தமும் கைவிட்டுப் போகவில்லை என்று பெரியவர்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். உனக்கு மட்டும் சின்ன வயசிலிருந்து பனிக்காலம் வந்தால் எலும்பை முறுக்குகிற வலி வரும். காத்து சேட்டை என்றார்கள், கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தார்கள். என் பையன் பிறந்து அவனுக்கும் அதே வலி வந்த பிறகுதான், ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கும் உன் அண்ணனுக்கும் ஆளுக்கு ஒரு நல்ல கூறும் ஒரு கெட்ட கூறும் ரத்தத்தில் இருக்கிறதாம். எங்களை ஒன்றும் செய்யாதாம். இரண்டு பக்கத்துக் கெட்டதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோயாம்.

"நாலுல ஒண்ணு வாய்ப்பும்மா" என்றார் நர்சம்மா.

அந்த நாலு நம் வீட்டில் பட்ட பாடு இருக்கிறதே! அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "எனக்கு நாலு புள்ளைங்க. மூணும் கல்லுக்குண்டாட்டம் இருக்குது, இவ ஒருத்திக்குத்தான் வந்துச்சு. கணக்கு சரியாப் போச்சா? உனக்குப் பெரியவனோட முடிஞ்சிருச்சு கண்ணு. இனி பொறக்கறதெல்லாம் நல்லாத்தான் பொறக்கும்." எனக்கும் அது தேனாக இனித்தது. இன்னொரு பிள்ளைக்கு மனசு அடித்துக்கொண்டிருந்த நேரம். நீ உள்ளே படுத்திருந்தாய். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் களத்துக்கு இழுத்துப்போனாய்.

"என்னமோ ஊட்டுல இருந்த கெட்டதையெல்லாம் நான் வாரிக்கிட்டுப் பொறந்தாப்புல பேசுது எங்கம்மா. நீயும் மண்டைய ஆட்டற. உக்காரு புள்ள, போட்டுப் பாத்துருவோம்."

களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கருப்பு விதையும் வெள்ளை விதையும் மடி நிறைய அள்ளி வந்து, இரண்டு டம்ளர் வைத்தாய். ஒன்று நான், ஒன்று என் வீட்டுக்காரர். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பு அவரை, ஒரு வெள்ளை அவரை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தால் அது ஒரு பிள்ளை. இரண்டும் கருப்பாக வந்தால் நோய். நான் எடுத்தேன். முதல் பிள்ளைக்கே இரண்டும் கருப்பு, என் மகனைப் போலவே. அவற்றைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு எடுத்தேன். இரண்டும் வெள்ளை! துள்ளி எழுந்துவிட்டேன். "பாத்தியா? அத்தை சொன்னது நெசந்தான்! கெட்டது மொதப் புள்ளையோட போயிருச்சு!"

நீ டம்ளரை எட்டிப் பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடி கூறுகெட்டவளே! உள்ள மிச்சம் இருந்ததே அதுதான? வேற என்ன வரும்? ஒரு புள்ளை பெத்தா உன் ரத்தத்துல இருக்கறது தீந்தா போயிரும்? எடுத்ததத் திருப்பிப் போடு. போட்டுக் குலுக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா எடு."

திருப்பிப் போட்டு எடுத்தேன். இரண்டும் கருப்பு. மறுபடி போட்டேன். மறுபடியும் கருப்பு. இத்தனை தடவை வந்துவிட்டதே, இனி வராதுதானே என்று கேட்டேன். அப்போது நீ சொன்னதுதான் இன்றுவரை காதில் நிற்கிறது. "அவரைக்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது, புள்ள. போன தடவை என்ன வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது."

வெயில் சாயும்வரை நீ விடவில்லை. நான் எடுக்க எடுக்க, நீ அடுப்புக்கரியால் களத்தை ஒட்டிய சுவரில் கோடு போட்டாய். எண்ணிப் பார்த்தபோது நர்சம்மா சொன்னதை ஒட்டித்தான் வந்தது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. ஆனால் எந்தத் தடவை கருப்பு வரும் என்று அந்தச் சுவரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சில இடத்தில் தொடர்ச்சியாக வந்தது, சில இடத்தில் வரவே காணோம். அத்தை வந்து சுவரைப் பார்த்துவிட்டு நம் இருவரையும் சேர்த்துத் திட்டினார். அன்று டப்பாவில் ஒன்றாக அள்ளிப் போட்ட கொட்டைகளை அப்புறம் நாம் பிரிக்கவே இல்லை.

அப்படியும் நான் இன்னொரு பிள்ளை சுமந்தேன். ஆசைக்கு யார் வேலி போட முடியும்? வயிற்றில் இருக்கும்போதே பார்க்கிற பரிசோதனை பெரிய ஊரில் உண்டாம். நமக்கு அது எட்டவில்லை. நீ ஒரு வார்த்தை ஏசவில்லை. என் வயிற்றில் கை வைத்து, "எடுத்தாச்சு, இனி பாத்துக்கலாம்" என்றாய்.

பாப்பா வயிற்றில் இருக்கும்போதே, மார்கழிப் பனியில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. வேன் பிடித்து இறக்கினோம். வளைவுக்கு வளைவு என் மடியில் உன் தலை உருண்டது. "மெதுவாப் போகச் சொல்லு புள்ள" என்றாய். அதற்குப் பிறகு பேசவில்லை. அடிவாரம் தெரிவதற்கு முன்பே உன் கை சில்லிட்டுவிட்டது. நான் அதை உன் அண்ணனிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் வரை தேய்த்துக்கொண்டே போனேன்.

இப்போது தொட்டிலில் கிடக்கிறவளைப் பார்த்தால் உன் நெற்றி, உன் மூக்கு. வருகிறவர்கள் எல்லாம் நீயே திரும்பி வந்துவிட்டாய் என்கிறார்கள். மூக்கைக் கொண்டுவந்தவள் வேறு எதைக் கொண்டுவந்தாளோ? குழந்தை சும்மா அழுதாலும் எலும்பு வலிக்கிறதோ என்று கையையும் காலையும் தடவிப் பார்க்கிறேன். பெரியவன் போன வாரம் வலியில் சுருண்டு கிடந்தான். "பாப்பாவுக்கும் இப்படி வலிக்குமாம்மா?" என்று கேட்டான். நான் வெந்நீர் வைக்க எழுந்துபோனேன்.

காலையிலிருந்து டம்ளரில் கையை விட்டு விட்டு எடுக்கிறேன். ஒரு வெள்ளையாவது வந்தால் சாமிக்குக் கும்பிடு. இரண்டும் கருப்பாக வந்தால் இது கணக்கில் இல்லை என்று திருப்பிப் போட்டு மறுபடி எடுக்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். சிரி! நூறு தடவை எடுத்தால் கணக்கு சரியாக வருமடி. எனக்கு நூறு பிள்ளையா இருக்கிறது? இவள் ஒருத்தி. ஒரே தடவை எடுத்தாயிற்று, கையை விரித்துப் பார்ப்பதுதான் பாக்கி. உன் சுவரும் உன் கரிக்கோடும் இந்த ஒருத்திக்கு என்ன பதில் சொல்லும்?

அத்தை மத்தியானம் களத்துக்கு வந்தார். பேர் வைக்காமல் எத்தனை நாள் பாப்பா பாப்பா என்று கூப்பிடுவது என்பது அவருடைய வழக்கு. உன் பெயரை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முடிவு வரட்டும் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். வெள்ளை வந்தால் உன் பெயர், கருப்பு வந்தால் வேறு பெயர். இதுதான் நான் உள்ளுக்குள் வைத்திருந்த எண்ணம். என் கையில் அப்போது இரண்டு கருப்பு அவரை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அத்தையைப் பார்த்தேன். அன்றைக்கு நீ கரியும் கையுமாகச் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. கருப்பு விழுந்த இடத்தில் மட்டும் நான் முகத்தைச் சுளித்தபோது, பாதி சிரிப்பாகத்தான் சொன்னாய். "அந்தக் கோடு நான்தான் புள்ள. என்னைப் பாத்தா அவ்வளவு மோசமாவா இருக்குது?"

"அத்தை, அவ பேரையே வெச்சிருங்க. இப்பவே கூப்புடுங்க."

"நாளைக்கு ரிசல்ட்டு வரட்டும்னு சொன்னியே சாமி?"

"வரட்டுங்க. அது நோவைப் பத்தித்தானுங்க சொல்லும். புள்ளையைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

அத்தை உள்ளே தொட்டிலண்டை போய்க் குனிந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ போன பிறகு அந்தப் பெயர் இந்த வீட்டில் வாய்விட்டு ஒலித்தது இன்றைக்குத்தான். நான் டம்ளர்களைக் கவிழ்த்துக் கொட்டைகளை டப்பாவில் போட்டேன். கருப்பும் வெள்ளையுமாகவே போட்டேன், பிரிக்கவில்லை.

நாளைக்கு முள்ளுக்குறிச்சி வழியாகப் போகிற முதல் பஸ். மறுபடியும் வளைவுக்கு வளைவு உன் பெயரை மடியில் வைத்துக்கொண்டு இறங்கப் போகிறேன். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்கிறேன். பயமாக இருக்கிறது, புள்ள.