ஹால் டிவியும் உன் காலிக் கட்டிலும்

சூளகிரி,
ஆயுத பூஜை கழிந்த வியாழக்கிழமை

அன்புள்ள முனிலட்சுமிக்கு,

உன் சுமலதா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், கழுத்து மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் தினமும் போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் அண்ணன் எடுத்து, "அவ தூங்கறா" என்கிறார். காலையிலும் தூங்குகிறாய், சாயங்காலமும் தூங்குகிறாய். நைட் ஷிஃப்ட் பார்த்த நாட்களில்கூட நீ இப்படித் தூங்கியதில்லையே! அதனால்தான் பேனாவை எடுத்தேன். கம்பெனியில் நம் லைனில் வேலை செய்யும் ராஜலட்சுமியக்கா நாளை லீவில் ஊத்தங்கரைக்குப் போகிறார். வழியில் உன் ஊர் கல்லாவியில் இறங்கி உன் கையில்தான் கொடுக்க வேண்டும், யாராவது கேட்டால் புடவை விற்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றுதானே அவசரமாகப் போனாய்? போன வாரம் சந்தையில் அவர் இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வேகமாகப் போனதை அக்காவின் தங்கை பார்த்தாளாம். காய்ச்சல் விட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று அப்பாவிடம் சொல். உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றும் அதே வாயால் சொன்னாள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி.

டிவி வந்துவிட்டதடி! ஒன்றும் சின்னது இல்லை, அறுபத்தைந்து இஞ்ச். இந்த வருஷம் நன்றாக வேலை செய்த ஹாஸ்டலுக்குப் பூஜைப் பரிசு என்று கம்பெனியில் சொன்னார்களே, நீ ஊருக்குப் போன மறுவாரம் அது நமக்கே விழுந்தது. ஹாலுக்கு ஒரு டிவி, நீங்களே போய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஹாலில் ஒரே சண்டை. சரிதாவின் கூட்டம் கன்னட சீரியல் ஓட வேண்டும் என்றது. எங்கள் கெலமங்கலம் கூட்டம் தெலுங்குப் படம் என்றது. கேமும் ஆட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்று. நம் வார்டன் ஜோதியம்மாள், "நாப்பத்திமூணு இஞ்சு போதும். காலையில சாமிப் பாட்டு கேட்டா சரி. கேம் ஆடறதுக்கு டிவியா? வெளையாட்டாம் வெளையாட்டு!" என்று முடித்துவிடப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். போன வருஷ ஃபுட்பால் கேம் ஃபைனலில் ஆம்பளைங்க ஹாஸ்டலிடம் தோற்றுவிட்டு, கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினேன். "தோத்தது நான் இல்லடி, இந்த டப்பா. கை அமுக்கினா கால் ஒதைக்கணும். இதுல அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாத்தான் ஒதைக்குது." உன் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஹாலே சிரித்தது. கை அமுக்கினால் உடனே கால் உதைக்கிற டிவிதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பெரிய கடை. சரிதா தன் கேம் மெஷினை நைட்டியில் சுற்றித் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தாள். உள்ளே போனால் எல்லா டிவியிலும் ஒரே அருவி, ஒரே கிளி. மோகன்குமார் என்ற சேல்ஸ்மேன், "ஏஐ இருக்கு மேடம், படம் தானாவே அழகாயிடும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அருவி வேண்டாம், இதை மாட்டுங்கள் என்று சரிதா பையைப் பிரித்தாள். கடையில் அதெல்லாம் மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது எழுந்தார் பார் நம் ஜோதியம்மாள்! கேமே வேண்டாம் என்ற அதே அம்மாள்தான். கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் வளர்த்து, தமிழில் கொண்டுவந்து நிறுத்தினார். "பொடவ எடுத்தாக்கூட பிரிச்சி, வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துதான் எடுக்கறோம். இத மாட்டிப் பாக்காம எப்பிடிங்க எடுக்கறது?" மோகன்குமார் வயரைத் தேடப் போனார்.

முதலில் மாட்டியது எழுபத்தைந்து இஞ்ச். கிட்டத்தட்ட நம் கட்டில் நீளம் இருக்கும். ஆனால் அதில் பந்து வால் முளைத்து ஓடியது. அமுக்கினால் நிதானமாக யோசித்து உதைத்தது. மோகன்குமார் உள்ளே போய் கேம் மோடு என்று ஏதோ போட்டார். தாமதம் குறைந்தது, வால் போகவில்லை. பாவம், அதற்குள் அவருக்கே ஆசை வந்துவிட்டது. இதில் நொடிக்கு அறுபது தடவைதான் படம் மாறும், வேகமான ஆட்டத்துக்கு நூற்றிருபது தடவை மாறுகிற டிவி வேண்டும் என்று சொல்லி, மூலையில் இருந்த இந்த அறுபத்தைந்தில் மாட்டிக் கொடுத்தார். சரிதா அமுக்கினாள். கால் உதைத்தது! அவள் போட்ட கூச்சலில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டோமா? நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் படம் பார்ப்பது மத்தியானத்தில். நம் ஹாலில்தான் கூரையில் கண்ணாடி ஷீட் போட்டு வெயில் கொட்டுகிறதே. பளபள டிவி என்றால் நம் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டும். அதனால் டிவியைக் கடை வாசல் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தோம். எந்த நேரமும் யாராவது தூங்குவார்கள் என்பதால் ஹெட்போன் மாட்டிப் பார்த்தோம். சீரியல் ஆப் சட்டென்று திறக்கிறதா என்று மூன்று பாஷையிலும் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்த பிறகு ஜோதியம்மாள் என் காதில், "அந்தப் பெரிசு இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்குதில்ல?" என்றார். நாற்பத்திமூன்று கேட்டவர்! கையைப் பிடித்து இழுத்து வந்தோம்.

இப்போது என் கழுத்துக் கதை. டிவி மாட்ட வந்தவர் எவ்வளவு உயரத்தில் மாட்டட்டும் என்று கேட்டார். யோசிக்காமல் எல்லாரும் ஒரே மாதிரி மேலே கையைக் காட்டினோம். அவரும் சொன்ன இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நம் லைனில் டார்கெட் போர்டு தொங்குமே, அச்சு அசல் அதே உயரம்! தினமும் அண்ணாந்து பார்த்த பழக்கம். கதாநாயகி அழுகிறாள், நாங்கள் அன்றைக்கு எத்தனை பீஸ் குறைந்தது என்று பார்க்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். ஜோதியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் இறக்கி மாட்டினோம். மேலே விழுந்த ஓட்டைகளை மறைத்துக் காலண்டர் தொங்குகிறது. கம்பெனி ஆட்கள் வந்தால் யாரும் காலண்டரைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

இனி பெரிய சேதி, உட்கார்ந்து படி. போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷ ஃபைனல் நம் ஹாலில்தான் நடந்தது, நல்ல டிவி நம்மிடம்தானே இருக்கிறது! ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர், டீமுக்கு இரண்டு பேர். சரிதா ஒன்று. உன் இடத்தில் யார் என்று கேட்டபோது, பாஸ் கொடுக்கச் சொன்னால் வெளியே அடிக்கிற இந்தச் சுமலதாவை உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது ஆட்டம் முடியப் போகிறது. பந்து என்னிடம் வந்தது. நீ என் காதருகில் கத்துவாயே, "கோல பாக்காதடி, ஆளப் பாரு" என்று, அது கேட்டது. சரிதாவின் ஆளைப் பார்த்துப் பாஸ் அமுக்கினேன், அவள் உதைத்தாள். கோல்! ஆம்பளைங்க ஹாஸ்டல்காரர்கள் ரீப்ளேயைப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். போட்டுக் காட்டினோம், அதிலும் கோல்தான். ஜெயித்துவிட்டோம் முனி, நாம் ஜெயித்துவிட்டோம்! எல்லாரும் குதித்தபோது நான் மட்டும் அழுதேன். நீ இல்லாமல் ஜெயித்தது எனக்குப் பாதி சோறு சாப்பிட்ட மாதிரி இருந்தது. கப் உன் கட்டிலில், உன் தலையணைமேல் இருக்கிறது. அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. உன் லீவையும் மாசக் கடைசி வரை ஜோதியம்மாளே பேசி நீட்டி வாங்கிவிட்டார்.

கப்பைத் துடைத்து வைத்தவரும் அவர்தான். "அந்தக் கல்லாவிப் புள்ளைய யாராச்சும் போய்க் கேட்டீங்களா?" என்றார். போன் போட்டால் தூங்குகிறாள் என்கிறார்கள் என்றேன். உடனே அவர் ஹாஸ்டல் வேன் டிரைவருக்குப் போன் போட்டார்.

அதனால் கேட்டுக்கொள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் உன் வீட்டுக்கு வருகிறோம். ஜோதியம்மாள், சரிதா, நான், வேன் கொள்கிற வரை நம் ஹாஸ்டல் பிள்ளைகள். வெறுங்கையோடு வரவில்லை. வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய், எல்லாம் தட்டில் வைத்து முறையாகத்தான் வருகிறோம். ஜோதியம்மாள் உன் அப்பா முன்னால் தட்டை வைத்து, "உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கறோம்ங்க. மாப்பிள்ள யாரும் இல்ல. அவ வேலையும் கட்டிலும் அப்படியே காத்துக்கிட்டு இருக்குது" என்று சொல்லப் போகிறாராம். சொல்வார், அந்தக் கடையில் பார்த்தேனே!

பார்த்த மாப்பிள்ளை உனக்குப் பிடித்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல். அந்தத் தட்டையே உன் கல்யாணச் சீராக வைத்துவிட்டு, வாழ்த்திவிட்டு, வேனில் வந்து தனியாக அழுதுகொள்கிறேன். பிடிக்கவில்லை என்றால் நீ யாரிடமும் சண்டை போட வேண்டாம், ஒன்றும் பேசவும் வேண்டாம். பெண் கேட்டு வந்தால் பெண்ணைக் கூப்பிடுவார்கள் இல்லையா? உன்னையும் கூப்பிடுவார்கள். அப்போது காபித் தட்டை எடுத்துக்கொண்டு வராதே. உன் பையை எடுத்துக்கொண்டு வா.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,
உன் கீழ்க்கட்டில்
சுமலதா