சாதிக், அந்த ஃபைல் திறந்துவிட்டது

என் மச்சான் சாதிக்குக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு உன்னிடம் பேசுகிறேன். நீ இருந்தவரை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் உன் வீடியோ கடை இருக்கும் வரிசையை விட்டு எதிர்வரிசையில் நடப்பேன். போன வருடம் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டபோதும் ஜனாஸாவில் தோள் கொடுக்க வரவில்லை. அவ்வளவு வைராக்கியம். எதற்கு என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குப் போகப்போகச் சொல்கிறேன்.

போன மாதம் உன் மகள் ரிஸ்வானா வடக்கனந்தலில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் உன் பழைய ஹார்ட் டிஸ்க், ஒரு துண்டில் சுற்றி.

“மாமா, அத்தா எடுத்த படம் எல்லாம் இதுல இருக்கு. நிக்காஹ்வுக்கு முந்தின நாளு வூட்டுல பாக்குற மாரி சின்னதா ஒண்ணு பண்ணிக் குடுங்க. ஆனா அதுல அத்தா இருக்கணும்.”

“ஏன், ஊர்ல வேற ஆளே இல்லியா?”

“இருக்காங்க. அவங்க யாரும் அத்தாகூட எட்டு வருசம் சண்ட போடலியே.”

உன் பெண்தான், சந்தேகமில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் கம்ப்யூட்டர் நடத்துகிறேன். (என்னிடம் படித்தவனையே துறைத் தலைவராக்கி என்னை ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். நான்கு ஞாயிறு போனது.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தால், சின்னசேலத்தில் கிராசிங்குக்கு நிற்கிற ரயில் மாதிரி படம் நின்று நின்று வந்தது. குரல் முன்னால் ஓடுகிறது, ஆட்கள் பின்னால் வருகிறார்கள். பழைய டிஸ்கிலிருந்தே நேராக வெட்டியது முதல் தப்பு. எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள் காப்பி செய்தேன். சாஃப்ட்வேர் சேர்த்து வைத்திருந்த குப்பையைத் துடைத்தேன். அப்படியும் முக்கியது. கடைசியில் ஒவ்வொரு படத்துக்கும் எடை குறைந்த நகல் ஒன்று போட்டு, அதை வைத்து வெட்டினேன். வேலை முடிந்ததும் அசல் தானாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

உன் காலத்தில் இதெல்லாம் ஏது? சி.பி.யூ.வின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பாய். நாம் வியர்வையில் உட்கார்ந்திருப்போம். “அதுக்கு ஜாஸ்தி சூடு மச்சான். நமக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம், அது இன்னா பண்ணும்?” என்பாய். ஒவ்வொரு வெட்டுக்கும் பிஸ்மில்லா, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சேவ். வெட்டியதெல்லாம் ஒரே படமாகச் சேர்ந்து ரெண்டர் ஆகிற நேரத்தில் மேல்மாடிக்காரர்கள் மிக்சி போட்டால்கூட, கரண்ட் போய்விடுமே என்று ஓடிப்போய்க் கெஞ்சுவாய்.

படம் ஓடியதே தவிர, அதில் நீ இல்லை. கரியாலூர் அருவிக்குப் போனோமே, அதில் ஐந்து வயது ரிஸ்வானா நனைந்துகொண்டு நிற்கிறாள், நான் பேண்டை மடித்துவிட்டு நிற்கிறேன். பாறைமேல் உன் நிழல் மட்டும். “மச்சான், வயித்த உள்ள இழு, ஃபிரேம்ல எடமில்ல” என்று உன் குரல். ஊரார் கல்யாணம் அத்தனையும் எடுத்தவன் ஒரு படத்திலாவது வந்து நிற்கக் கூடாதா?

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஓர் இடம் வந்தால் சாஃப்ட்வேர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. பாதிப் படங்களை எடுத்துவிட்டு ஓட்டினேன், ஓடியது. எடுத்த பாதியைப் போட்டேன், மூடியது. அந்தப் பாதியில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியது. அது இருந்த ஃபோல்டருக்கு நீ வைத்த பெயர்: ‘தனா வூடு’.

தனா என்றால் நான்தான். அது என் கிரகப்பிரவேசம். அன்று பந்தியில் எங்கம்மா தன் கையால் எல்லோருக்கும் பரிமாறினாள். நீ கொடுத்த படத்தில் அந்தப் பகுதி இல்லை. கேட்டதற்கு, “மச்சான், அந்த ஃபைல் தொறக்கல. போட்டா சாஃப்ட்வேரே மூடிக்குது” என்றாய். உன் கடையில், நாலு வாடிக்கையாளர் முன்னால், “வேலை தெரியாதவன்கிட்ட குடுத்தது என் தப்பு” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவருடம் அம்மா போய்விட்டாள். நீ சாவுக்கு வந்து வாசலில் நின்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரிஸ்வானாவுக்குப் போன் போட்டு அந்த ஃபைலைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா மாமா? அத்தா அதை அழிக்கவே வுடமாட்டாரு. புது சாஃப்ட்வேர் எது வந்தாலும் மொதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பாரு. தனா அம்மா உள்ள இருக்காங்கன்னுவாரு.”

போனை வைத்துவிட்டு மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.

இப்போது அதற்கு ஒரு வழி வந்திருக்கிறது, சாதிக். அதே கேமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்து உடைந்ததைச் சரிசெய்து கொடுக்கும். அன்று காலை பசுமாடு வீட்டுக்குள் நுழைந்ததை எடுத்திருந்தாயே, அதைக் காட்டினேன். முதலில் குரல்தான் வந்தது.

“சாதிக்கு, ஊரே துன்னுட்டுக் கை கழுவிட்ச்சி. அந்த டப்பாவ வச்சிட்டு வந்து ஒக்காருடா.”

“தோ ஆச்சும்மா, ரெண்டு நிமிசம்.”

“இன்னா ரெண்டு நிமிசம்? வடை தீந்துட்ச்சின்னா என்னியக் கேக்காத.”

நீ கேமராவை மேசைமேல் வைக்கிறாய். நிறுத்த மறந்துவிட்டாய். சாய்ந்த படத்துக்குள் நீயே நடந்து வந்து இலை முன்னால் உட்காருகிறாய். அங்கங்கே பச்சைத் திட்டு இருக்கிறது, ஆனாலும் முகம் தெரிகிறது. “கம்மியா துன்னா அந்தக் கேமராவ யாரு தூக்குறது?” என்று அம்மா இரண்டாவது வடையைப் போடுகிறாள். வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறாய். ரிஸ்வானா கேட்ட படம் இதுதான்.

அப்புறம் வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது. மணிக்கட்டில் என் மாமனார் போட்ட வாட்ச். துபாயிலிருந்து வந்த மச்சினனுக்குப் பசுமாடு நுழைந்ததைப் புது டி.வி.யில் காட்ட அவசரம் எனக்கு. நீ எச்சில் கையோடு எழுந்து, “மச்சான், லைட்டு எரியுது, கார்ட எடுக்காத” என்று கத்துகிறாய். கை திரையை மூடுகிறது. அவ்வளவுதான். பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கேமராவிலிருந்து கார்டை உருவியிருக்கிறேன்; ஃபைல் உடைந்தது அதனால்தான். படம் அங்கே முடிகிறது.

அன்று நீ கத்தியது என் காதில் விழுந்ததா? விழுந்திருக்கும். உன் கடையில் நான் கத்தியபோது நீ இதை ஏன் சொல்லவில்லை? அம்மா சாவில் வாசலில் நின்றபோதாவது சொல்லியிருக்கலாமே? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் எட்டு வருடம் எதிர்வரிசையில் நடந்திருக்க வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமை உன் வீட்டில் படம் போடுகிறார்கள். அந்தக் கை வரும் இடத்துக்கு முன்னால் வெட்டினால் படம் அழகாக முடியும். வெட்ட மாட்டேன். அது வரும்போது யாருடைய கை என்று உன் மனைவியிடமும் மகளிடமும் நானே சொல்வேன். சொன்ன பிறகும் இலை போட்டால் உட்காருவேன். போடாவிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் மச்சான்,
ரிஸ்வானாவுக்கு மாமன்,
தனசேகரன்